ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தேன்

யாவர்னிக் ஊரில் நேஷ்காவின் சிரிப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவள் சிரித்தால் மாடியில் படுத்திருக்கும் காது மந்தமான கிழவர்கள்கூட, "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்களாம். ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு. யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒன்று வைத்திருப்பாள்.

தேனீக்கள் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீரும் இல்லை, ஆசைப்பட்டு வாங்கியதும் இல்லை. மாமனார் வளர்த்தவை. அவள் புருஷன் ரூடி காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். ஒரே ஒரு தேனீ கொட்டிவிட்டால் போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மாமனார் செத்த வருஷமே அவன் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றான். "நீ கிட்டப் போகாட்டி என்ன, நான் செத்தா போயிட்டேன்?" என்று நேஷ்கா வலையை முகத்தில் மாட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த மரக்குடில் அவளுடையது. முன் சுவரில் மேசை இழுப்பறைகள் மாதிரி ஒன்பது பெட்டிகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் மாமனார் தீட்டிய ஒரு படம். குடிலுக்குள் நின்று பின்பக்கம் திறந்தால் தேனீக்கள் நம்மைக் கண்டுகொள்ளாமல் தங்கள் வேலையைப் பார்க்கும். சுவர் முழுக்க ஒரு முனகல் கேட்டபடி இருக்கும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஃபெர்டோவின் குடில். அதில் அவளைப் போல இரண்டு பங்கு பெட்டிகள். எழுபது தாண்டியவர், சுற்றுவட்டாரத் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்து ஆள் யார் செத்தாலும் சவ ஊர்வலத்தில் மஞ்சள் பட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது அவர்தான். நேஷ்காவின் மகள் உர்ஷ்காவுக்கு ஞானத்தகப்பனும் அவரே. கேலி செய்யாமல் அவரால் நேஷ்காவிடம் ஒரு வாக்கியம் பேச முடியாது.

"என்ன பொண்ணே, முதியோர் இல்லத்துல போடுற சர்க்கரையெல்லாம் இங்க கொண்டாந்து கொட்டுறியா? பாவம், கிழடுங்க காப்பியக் கசக்கக் கசக்கக் குடிக்குதுங்க!"

"உங்களுக்கும் அங்க ஒரு கட்டில் பார்த்து வெச்சிருக்கேன் அண்ணே. வாங்க, ரெண்டு கரண்டி கூடவே போடுறேன்."

அந்த வருஷம் கோடை முழுக்க மழை. லிண்டன் மரங்கள் பூத்த கையோடு பூ அழுகிக் கொட்டிவிட்டது. காடும் கைவிட்டுவிட்டது. ஆகஸ்டு கடைசியில் நேஷ்கா பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது அடைகளின் மேல் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்குத்தான் தேன் இருந்தது. இதை வைத்துக்கொண்டு தேனீக்கள் கிறிஸ்துமஸைக்கூடத் தாண்டாது. பெரிய அண்டாவில் வெந்நீர் ஊற்றிச் சர்க்கரையைக் கொட்டிக் கரைத்தாள். பொழுது சாய்ந்து தேனீக்கள் வீடு திரும்பிய பிறகு ஜாடிகளில் ஊற்றித் துளையிட்ட மூடி போட்டு ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் கவிழ்த்தாள். பகலில் வைத்தால் மணம் பரவும், பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் திருட வந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் ஜாடிகள் துடைத்தாற்போலக் காலியாக இருக்கும். இப்படியே செப்டம்பர் பிறந்தது.

மாதா பிறந்தநாளன்று காலையில் போனபோது ஜாடிகள் அப்படியே இருந்தன. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

முதலில் அவள் பாகைத்தான் சந்தேகப்பட்டாள். விரலால் தொட்டு நக்கினாள், நன்றாகத்தான் இருந்தது. ஓரத்துப் பெட்டிக்கு அடியில் மாமனார் காலத்துத் தராசு ஒன்று உண்டு. குனிந்து முள்ளைப் பார்த்தாள். பெட்டி கனத்திருந்தது. நேற்றைவிட நன்றாகவே கனத்திருந்தது.

பாகைத் தொடவில்லை, பெட்டி மட்டும் எப்படிக் கனக்கும்?

பூசைக்குப் போகிற வழியில் பாலத்தருகே ஃபெர்டோவைப் பார்த்ததும் சொன்னாள். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு ஓடையைப் பார்த்தார்.

"ஓடைக்கரை நெடுக அந்த ஊதாப்பூ பூத்துக் கிடக்கு, தெரியலையா? கடவுள் குடுக்கிறான், வாங்கிக்கோ. எதுக்கு நோண்டுறே?"

கேலி இல்லை, சிரிப்பும் இல்லை. பூசை முழுக்க அவளுக்கு அதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஊதாப்பூவுக்குள் நுழைந்து வரும் தேனீயின் முதுகில் மாவு தடவினாற்போல வெள்ளையாக ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் குடிலின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வந்து இறங்கியவற்றில் ஒன்றுக்குக்கூட முதுகு வெளுக்கவில்லை. எண்ணெய் பூசினாற்போலக் கருத்து மினுங்கின. மேலே இருந்த மயிரெல்லாம் உதிர்ந்திருந்தது. நெருக்கி முண்டி எங்கேயோ நுழைந்து வெளியே வருகிற தேனீக்குத்தான் அப்படி உதிரும். வயிறு புடைக்க வந்தன, இறக்கிவைத்த நிமிஷமே கிளம்பின. எல்லாம் ஒரே திசையில் போயின. சாயங்கால வெயிலில் அந்தக் கோடு கட்டின கயிறு மாதிரி ஓடைக்கு மேலே நீண்டு ஃபெர்டோவின் குடில் பக்கம் போய் முடிந்தது.

அவள் சமையலறையில் அன்று யாரும் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மேல் ஊரில் ஒரு சாவு. ஃபெர்டோ கொடியை எடுத்துக்கொண்டு போனார், அவர் மனைவி கிஸெலாவும் கூடப் போனாள். நேஷ்கா பலகைப் பாலத்தைத் தாண்டினாள். தேனீ வளர்ப்பவர்கள் ஒருவர் குடிலுக்குள் மற்றவர் சொல்லாமல் நுழைவது, படுக்கையறைக்குள் நுழைவது மாதிரி. அவளுக்கு அது தெரியும். சாவி எந்த ஆணியில் தொங்கும் என்பதும் தெரியும்.

குடிலின் முகப்பில் கீழ்வரிசைப் பெட்டிகளின் வாசலில் மரத்தூள் மாதிரி மெழுகுத் துகள் குவிந்து கிடந்தது. அவளுடைய தேனீக்கள் கேட்பாரில்லாமல் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. தச்சன் காய்ச்சுகிற பழைய பசையின் நாற்றம். நேஷ்கா அதை இதற்கு முன்னால் முகர்ந்ததில்லை, ஆனால் சங்கத்துக் கூட்டங்களில் கேட்டிருக்கிறாள். சொன்னவர் ஃபெர்டோதான்.

கீழ்வரிசையில் இரண்டு பெட்டிகளில் உயிரே இல்லை. வெறும் அடைகள், அதையும் அவள் தேனீக்கள் பிய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தன. மூன்றாவதில் தேனீக் குடும்பம் இருந்தது. ஒரு சட்டத்தை உருவினாள். புழு வளரும் அறைகளின் மூடி குழி விழுந்து கருத்து, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. ஏப்ரன் பையிலிருந்து தீக்குச்சியை எடுத்து ஓர் அறைக்குள் விட்டு மெதுவாக இழுத்தாள். உள்ளே இருந்தது காப்பி நிறத்தில் நூலாக நீண்டு வந்தது. அறுந்து போகும் என்று பார்த்தாள். விரல் நீளத்துக்கு மேலும் நீண்டது.

"யாரக் கேட்டு உள்ள வந்தே?"

கையில் சுருட்டிய கொடியோடு ஃபெர்டோ வாசலில் நின்றார்.

நேஷ்கா தீக்குச்சியைக் காட்டினாள். "இது எப்பலேர்ந்து அண்ணே?"

"குளிர் பட்டுச் செத்த புழு அது."

"குளிர் பட்ட புழு நூல் இழுக்குமா? நீங்கதானே சொன்னீங்க, நூல் இழுத்தா அழுகல் நோய்தான்னு. இந்த நாத்தத்துக்குள்ள எப்படி நிக்கிறீங்க?"

அவர் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு நாத்தம் தெரியாது" என்றார். "ஊர் முழுக்க அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்பப் போச்சு. கிஸெலா ரொட்டியத் தீய விட்டாக்கூட எனக்குத் தெரியாது. கண்ணும் மங்கிருச்சு. வசந்தத்துல ஒண்ணு செத்துச்சு. பசின்னு நெனச்சேன். அப்புறம் இன்னொண்ணு..."

"அப்பத் தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது." குரல் இறங்கிவிட்டது. "நேஷ்கா, கேளு. பனிக்காலம் வரப்போகுது, எல்லாம் அடங்கிடும். வசந்தத்துல நானே டாக்டரைக் கூப்பிடுறேன். நம்ம சங்கத்து அம்புரோஸ் திருநாள் முடியட்டும். இத்தனை வருஷம் அந்தக் கொடியப் பிடிச்சவன், இந்த வருஷம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு..."

"உங்க தேனெல்லாம் இப்ப என் பெட்டில இருக்கு."

"உன் மகளுக்கு நான் ஞானத்தகப்பன்" என்றார் அவர். கெஞ்சலா மிரட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து ரூடியிடம் சொன்னாள். அவன் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நம்ம பெட்டில நோய் தெரியுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஏதும் தெரியாத மாதிரி இருந்துடேன். ஊரு அவர் பக்கம்டி. நாளைக்கு உன்னத்தான் பேசும்."

"தேன்ல இருக்கு ரூடி. அதத்தான் குளிர் முழுக்கப் புழுவுக்கு ஊட்டப் போகுதுங்க. என் கையால பாகு ஊத்தி நான் காப்பாத்துறது எத? நோயத்தான்."

விடிந்ததும் அவள் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் மருஷா இளம் பெண், பேச்சு கறார். இரண்டு குடிலையும் திறந்து பார்த்தாள், மாதிரி எடுத்தாள், கதவில் முத்திரை வைத்தாள். ஃபெர்டோவின் பெட்டிகளில் பாதிக்குமேல் நோய், அதனால் அவருடையது அத்தனையும் எரிய வேண்டும் என்றாள். நேஷ்காவின் பெட்டிகளில் இரண்டில் அடையாளம் தெரிய ஆரம்பித்திருந்தது. முகப்பில் மாமனார் கழுதையும் குட்டியும் தீட்டியிருந்த பெட்டி ஒன்று, நோவாவின் பேழை போட்ட பெட்டி இன்னொன்று.

ஓடைக்கரைப் புல்வெளியில் குழி தோண்டினார்கள். சாயங்காலம் எல்லாம் உள்ளே அடங்கியதும் வாசல்களை அடைத்துக் கந்தகம் கொளுத்தினார்கள். சுவருக்குள் முனகல் முதலில் உறுமலாக எழுந்தது, அப்புறம் அடங்க ஆரம்பித்தது, ஒரே நேரத்தில் இல்லை, ஒவ்வொரு பெட்டியாக. ஃபெர்டோ ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்து குழியோரம் நின்றார். பெட்டிகள் எரிகையில் மெழுகு உருகி ஓடி மண்ணிலும் தீப்பிடித்தது. நேஷ்கா நோவாவின் பேழையைத் தானே தூக்கிப் போட்டாள். ஃபெர்டோ அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்கு மீந்தது ஏழு பெட்டி. "இதையும் எரிச்சிடலாம்னு சொல்றவங்கதான் அதிகம்" என்றாள் மருஷா. "நீங்க கேக்குறதால பண்றோம். பழைய அடை, பழைய தேன், எதுவும் ஆகாது. தேனீய மட்டும் புதுப் பெட்டில உதறிக் கொட்டணும். ஆனா இலை உதிர ஆரம்பிச்சாச்சு அக்கா. வெறும் வயித்தோட ஆரம்பிக்குதுங்க. பாதி போயிரும்னு வெச்சுக்குங்க."

ஏழு பெட்டிகளையும் உதறினார்கள். இனி அந்தத் தேனீக்களுக்குக் குளிரைத் தாண்ட நேஷ்காவின் பாகைத் தவிர ஒன்றும் கிடையாது. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, இளஞ்சூட்டில் கரைத்து ஜாடியைக் கம்பளித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆறினால் அவை வாய் வைக்காது. நல்லவேளையாக அக்டோபர் நடுவில் ஒரு வாரம் வெயில் காய்ந்தது. அடை கட்டின, நிரப்பின, மூட ஆரம்பித்தன.

ஊர் ரூடி சொன்னபடியே ஆனது. சுற்றி இருந்த குடில்களையெல்லாம் அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தார்கள். யாவர்னிக் தேன் என்றால் சந்தையில் கை வைக்க ஆளில்லை. ரொட்டிக் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். இல்லத்துச் சமையலறையில் கூட வேலை செய்யும் பெண் முகத்துக்கு நேரே கேட்டாள்: "ஞானத்தகப்பனையே காட்டிக் குடுத்துட்டியே, உனக்கு ராத்திரி தூக்கம் வருதா?" பதிலுக்கு ஒன்று வைத்திருக்கும் நேஷ்கா முட்டைக்கோஸைத் தொடர்ந்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் கிஸெலா பலகைப் பாலத்தைத் தாண்டி வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நேஷ்கா நினைத்தாள். கிஸெலா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"தினம் காட்டுக்குப் போறாரு நேஷ்கா. விறகு வெட்டுறவங்க குடிசைப் பக்கம். காலெல்லாம் நனைஞ்சு வந்து நிக்கிறாரு. மொதல்ல சாராயம்னு நெனச்சேன். போகும்போது பாட்டில் எடுத்துட்டுப் போறாரு, கம்பளிக் காலுறைல சுத்தி."

"சுடச்சுடவா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா" என்று சொல்லிவிட்டு நேஷ்கா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

காட்டுப் பாதையில் உறைபனி இன்னும் கரையவில்லை, அவர் காலடி தெளிவாக இருந்தது. குடிசைக்குப் பின்னால், தெற்கு பார்த்த சுவரோரம், பழைய போர்வை சுற்றிய ஒரு பெட்டி. ஃபெர்டோ அதன் பின்னால் மண்டியிட்டு ஜாடியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் குடி, ராசாத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்சம். சூடா இருக்கு பாரு."

"அண்ணே."

அவர் திரும்பவில்லை. "தெரியும், நீதான் வருவேன்னு. இது சுத்தமான குடும்பம் நேஷ்கா. மேல் வரிசைல தனியா இருந்தது. டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டேன். இதுல ஒண்ணுமே இல்ல."

"யாரு பார்த்துச் சொன்னது? உங்க கண்ணா, மூக்கா?"

"இது ஒண்ணையாவது விடு."

நேஷ்கா மண்டியிட்டுப் பின் கதவைத் திறந்தாள். குளிரிலும் அந்த நாற்றம் வந்தது. பாகு ஜாடிகள் தொடப்படாமல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. நடுவில் கைப்பிடியளவு தேனீக்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுங்கின. ஓரத்துச் சட்டம் ஒன்றை உருவி வெளிச்சத்தில் சாய்த்தாள். அறைகளின் அடியில் கருத்த நாக்குகள் மாதிரி செதில்கள் காய்ந்து கிடந்தன.

"கையக் கொண்டாங்க." அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து அறைக்குள் விட்டாள். "நகத்தால பேர்த்துப் பாருங்க. குளிர்ல செத்த புழுன்னா உதிர்ந்து வந்துடும்."

ஃபெர்டோ நகத்தால் சுரண்டினார். அறைச் சுவரே பிய்ந்தது, செதில் வரவில்லை. அடுத்த அறையில் சுரண்டினார். அதற்கடுத்த அறையில். நேஷ்கா தடுக்கவில்லை. விரல் நுனியில் ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

"வெயிலடிச்ச அந்த வாரம் இதுங்க பறந்துச்சா?" என்று கேட்டாள்.

"பறந்துச்சு."

"வேற எதாச்சும் இங்க வந்துச்சா?"

அவர் தலையாட்டினார். "வந்துச்சு. சண்டை போட்டுச்சுங்க. எங்கேயிருந்து வந்துச்சுன்னு கண்ணு தெரியல."

வாசலை அவரே அடைத்தார். கந்தகத்தையும் அவரே கொளுத்தினார். குடிசையில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றிப் பெட்டியை எரித்தார்கள். ஈர மண், தீ பிடிக்க நேரமானது. இறங்கி வரும்போது பனி தூற ஆரம்பித்தது. டாக்டரிடம் தான் சொல்லப்போவதாக அவள் சொன்னாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

மருஷா போனில் ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கியது நேஷ்காவுக்குக் கேட்டது. "இந்தக் குளிர்ல எந்தப் பெட்டியையும் திறக்க முடியாது" என்றாள். "வசந்தம் வரைக்கும் காத்திருக்கிறதுதான்."

அந்தக் குளிர்காலத்தில் நேஷ்கா ஒருநாள் விடாமல் குடிலுக்குப் போய்ச் சுவரில் காது வைத்தாள். காட்டுக் குடிசைக்குப் போன தேனீ அவளுடையதா? கேட்கும் முனகல் பிழைத்ததின் சத்தமா, நோயை ஊட்டி வளர்ப்பதின் சத்தமா? ஜனவரியில் ஒரு பெட்டியில் முனகல் நின்றது. பிப்ரவரியில் இன்னும் இரண்டில்.

வில்லோ மரம் பூத்ததும் மருஷா வந்து நான்கு பெட்டிகளைத் திறந்தாள். புழுக்கள் முத்து மாதிரி வெளுத்திருந்தன. பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. ரூடி அந்தச் செய்தியைக் கேட்டு அவளைத் தூக்கிச் சுற்றினான். அவள் சிரித்தாள், ஆனால் முடிக்கவில்லை. அதைச் சொல்ல வந்த மருஷாவின் கார் அன்று அவர்கள் வீட்டோடு திரும்பவில்லை, மேலே காட்டுச் சரிவில் ஏறிப் போனது.

மறுநாள் சாயங்காலம் அந்தச் சரிவில் புகை எழுந்தது. நேஷ்கா பாலத்தைத் தாண்டினாள். காலிக் குடிலின் முன்னால் நின்று ஃபெர்டோ புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோடது?"

"ஓட்மாரோடது. எல்லாப் பெட்டியுமாம்."

ஓட்மார் பள்ளி வாத்தியார், இரண்டு வருஷம் முன்னால்தான் தேனீ வாங்கியவர். ஃபெர்டோ உள்ளே போய்த் தொப்பியை எடுத்து வந்தார். "கூட்டிட்டுப் போறியா?"

போனார்கள். வேலிக் கதவுக்கு வெளியே நின்றே ஃபெர்டோ எல்லாவற்றையும் சொன்னார், காட்டுக் குடிசையையும் சேர்த்து. ஜன்னலிலிருந்து ஓட்மாரின் மனைவி, "அந்த ஆள உள்ள விடாதீங்க" என்று கத்தினாள். ஓட்மார் கத்தவில்லை. முகமெல்லாம் கரி. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னும் எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றார் ஃபெர்டோ.

ஓட்மார் அவரைப் பார்க்கவில்லை. நேஷ்காவைப் பார்த்தார், அவள் வாயால் கேட்க வேண்டும் என்பது போல.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல வாத்தியாரே" என்றாள்.

ஓட்மார் திரும்பிக் குழிப் பக்கம் போனார். வண்டியிலிருந்து ஃபெர்டோவை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அதே கேள்வியை அவளும் கேட்டாள். அவர் மறுபடியும் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நோய் வரவில்லை. கொடியை இப்போது வேறொருவர் பிடிக்கிறார். ரொட்டிக் கடையில் நேஷ்காவோடு பேசுகிறார்கள், அவளும் பதிலுக்கு ஒன்று வைத்திருக்கிறாள். ஆனால் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போகும்போது, வழியில் எந்தக் குடிசையைப் பார்த்தாலும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாள். ஒவ்வொரு சுவரிலும் காது வைத்துக் கேட்கிறாள்.